புதிய கொதிகலமும் பழைய குழாய்களும்

நம் நாட்டிற் குளிர்காலம் என்பது மார்கழி, தை மாதங்களில் விடியற்காலத்தில் ஒரு போர்வையை மிகையாகத் தேடச் செய்யும் பருவமேயாகும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளிலோ குளிர் என்பது உயிரோடு தொடர்புடைய விஷயம். ஐப்பசி தொடங்கிப் பங்குனி முடியும் வரையில் அந்நாட்டார் தம் இல்லங்களை வெப்பமூட்டியே வாழ்தல் வேண்டும். முதியோரும் கைக்குழந்தைகளும் நோயாளரும் உள்ள வீட்டில் அவ்வெப்பம் சில நாள் தவறினும் பெருந்தீங்கு விளையும். நம்மவருட் பலர் கல்வி கருதியும் தொழில் கருதியும் அந்நாட்டிற் சென்று வாழ்கின்றனர். இன்னும் பலர் செல்லக்கூடும். ஆதலின் அவ்வீடுகளை வெப்பமூட்டும் அமைப்பினைப் பற்றியும், அதிற் குறை நேர்ந்தவிடத்து அதனை ஆராயும் முறையைப் பற்றியும் சில கூறுவது பயனுடையதாகும்.

பழைய கொதிகலம் பழுதடைந்தவுடன் வீட்டார் பெரும்பொருள் செலவிட்டுப் புதியதொன்றை வைக்கின்றனர். வைத்த சின்னாட்களுக்குள் ஓரறை குளிர்ந்து கிடக்கின்றது, மற்றோரறை வெதும்புகின்றது, அழுத்தம் குறைகின்றது, குழாய்கள் அதிர்ந்து ஒலிக்கின்றன. 'புதிய யந்திரமே பழுதுடையது' என்பது வீட்டார் முதற்கண் கூறும் தீர்ப்பு. அதனை நம்பிப் பம்பினை மாற்றுவாரும், மின்பலகையை மாற்றுவாரும், கலம் முழுவதையுமே திருப்பியனுப்ப முயல்வாரும் உளர். ஆனால் உண்மை பெரும்பாலும் வேறிடத்திற் கிடக்கின்றது. புதிய கலம் புதிதாக நோயை உண்டாக்கியதன்று. பழைய குழாய்களில் நெடுங்காலம் மறைந்திருந்த நோயை வெளிப்படுத்தியதேயாம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைப்பின் இயல்பு

கொதிகலம் என்னும் பெயர் இருப்பினும், வீட்டை வெப்பமூட்டும் இக்கலத்தில் நீர் கொதிப்பதில்லை. இயற்கை வாயு அதனுள் எரிகின்றது; அவ்வெப்பத்தினை ஓர் உலோகப் பகுதி ஏற்று, தன்னூடே செல்லும் நீருக்கு அளிக்கின்றது. ஏறத்தாழ 50 முதல் 80 பாகை வரையில் வெப்பமேறிய அந்நீரைப் பம்பு ஒன்று குழாய் வழியே தள்ளுகின்றது. (இக்கட்டுரையிற் கூறும் பாகையெல்லாம் சென்டிகிரேடு அளவையே குறிக்கும்.) அது ஒவ்வோரறையிலும் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் என்னும் தட்டையான இரும்புக் கலத்துட் புகுந்து, தன் வெப்பத்தை அறைக்கு ஈந்து, குளிர்ந்து, திரும்பு குழாய் வழியே கொதிகலத்தை வந்தடைகின்றது. வந்த நீரே மீண்டும் வெப்பமேறிச் செல்கின்றது. ஒரே நீர் ஆண்டுக்கணக்காய்ச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை நேயர்கள் மனத்திற் பதித்தல் வேண்டும்.

நம் உடலில் இரத்தம் இவ்வாறே இருதயத்தினின்று புறப்பட்டு மீண்டும் இருதயத்தையே சேர்கின்றது என்பதை 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவர் நூலெழுதி நிறுவினார். வீட்டின் வெப்பமும் அத்தகையதொரு சுற்றோட்டமே. கையில் இரத்தம் ஏறவில்லையென்றால் இருதயத்தை மட்டும் பழித்தல் தகாது. இடையிலுள்ள நாளங்களையும் பார்த்தல் வேண்டும்.

புதியது பழையதினின்று வேறுபடும் வகை

பழைய கலத்தை எடுத்துப் புதியதை வைக்குங்கால் மூன்று மாற்றங்கள் நேர்கின்றன. பின்னர்த் தோன்றும் குறைகளிற் பெரும்பாலன இம்மூன்றினின்றே பிறக்கும்.

முதலாவது, வெப்பநிலையின் மாற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், புதிதாக வைக்கும் வாயுக் கொதிகலங்கள், சில விலக்குகள் நீங்கலாக, ஆவியைக் குளிர்வித்து வெப்பம் கவரும் வகையினவாக இருத்தல் வேண்டும் என்று விதி ஏற்பட்டது. இயற்கை வாயுவிற் பெரும்பகுதியாகிய மீதேன் 1 கிலோ எரியுமாயின் 2¼ கிலோ நீர் ஆவியாக உண்டாகின்றது. பழைய கலங்களில் அவ்வாவி புகைபோக்கி வழியே வீணே சென்றது. புதிய கலங்களில் அது மீண்டும் நீராகி, தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை விட்டுச் செல்கின்றது. ஆனால், திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழ்க் குளிர்ந்திருந்தாலன்றி இது நிகழாது. ஆதலின் அறிவுள்ள கம்மியர் கலத்தினைத் தாழ்ந்த வெப்பத்திலேயே நடத்துவர்.

இரண்டாவது, அழுத்தத்தின் மாற்றம். பழைய வீடுகளிற் கூரையின்கீழ் ஒரு சிறு நீர்த்தொட்டி திறந்திருக்கும். அதனின்று இறங்கும் நீரே குழாய்களை நிரப்பும். தொட்டி 5 மீட்டர் உயரத்திலிருப்பின் அதனால் உண்டாகும் அழுத்தம் அரைப் பார் அளவினதே. (பார் என்பது அழுத்தத்தின் அளவை, காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது.) புதிய கலம் வைக்குங்கால் பெரும்பாலும் தொட்டியை நீக்கி, அமைப்பு முழுவதையும் மூடிவிடுகின்றனர். அப்பொழுது குளிர்ந்த நிலையிலேயே அழுத்தம் 1 முதல் 1½ பார் வரையில் நிற்கும். அஃதாவது, முன்னிருந்ததினும் இரண்டு மூன்று மடங்கு.

மூன்றாவது, வழியின் குறுக்கம். பழைய வார்ப்பிரும்புக் கலங்களில் நீர் செல்லும் வழி அகலமானது. சிறிது சேறு படியினும் அவை பொறுத்துக்கொண்டன. புதியவற்றில் வழிகள் மிக நுண்ணியவை. பழைய குழாய்களின் கசடு அவற்றிற் புகுந்தால் விரைவில் அடைபடும்.

கையாற் தொட்டறிதல்

மருத்துவன் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, வீட்டார் செய்யத்தக்க முதற் சோதனை ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்தலே. கலத்தை இயக்கி ஒரு மணி நேரஞ் சென்றபின், வீடு முழுவதும் சுற்றி, ஒவ்வொன்றின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் இருபுறக் குழாய்களையும் எச்சரிக்கையுடன் தொட்டு, கண்டதை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். அக்குறிப்பே நோயின் பெயரைச் சொல்லிவிடும்.

மேற்புறம் குளிர்ந்தும் அடிப்புறம் வெப்பமாயும் இருப்பின், உள்ளே காற்று தங்கியிருக்கின்றது. அமைப்பு முழுவதையும் வடித்து நிரப்பிய பின்னர் இது நேர்வது இயல்பே. கலத்தை நிறுத்தி, நீர் ஆறிய பின்னர், ரேடியேட்டரின் மேல் மூலையிலுள்ள சிறு திருகினை அதற்குரிய சாவியாற் சிறிதே திறக்கவேண்டும். சீறிக்கொண்டு காற்று வெளிப்பட்டு, நீர் கசியத் தொடங்கியவுடன் மூடிவிடவேண்டும். பின்னர் அழுத்தமானியைப் பார்த்து, குறைந்த அழுத்தத்தை நிரப்புதல் வேண்டும். ஒரே ரேடியேட்டரில் வாரந்தோறும் இவ்வாறு நேருமாயின் அது வெறுங்காற்றென்று எண்ணற்க. இரும்பு நீரால் அரிக்கப்படுங்கால் ஹைட்ரஜன் என்னும் வாயு பிறக்கின்றது; அது தீப்பற்றும் இயல்பினது. ஆதலின் திறக்கும்பொழுது அருகில் நெருப்பு இருத்தலாகாது.

அடிப்புறம், சிறப்பாக நடுவில், குளிர்ந்தும் மேற்புறம் வெப்பமாயும் இருப்பின், சேறு படிந்துள்ளது. இச்சேறு மண்ணன்று, இரும்பும் பிராணவாயுவுஞ் சேர்ந்த மாக்னடைட் என்னும் கருநிறப் பொடி. காந்தம் அதனை இழுக்கும். ஒரு கண்ணாடிக் குவளையிற் சிறிது நீரை வடித்து, புறத்தே காந்தமொன்றை வைத்துப் பார்த்தால், கரிய துகள்கள் அதன்பால் வந்து ஒட்டிக்கொள்வதைக் காணலாம். இதற்கு மருந்து, அமைப்பு முழுவதையும் கழுவி, திரும்பு குழாயிற் காந்த வடிகட்டி ஒன்றை வைத்து, துருவைத் தடுக்கும் மருந்தினை நீரிற் கலத்தலேயாம். புதிய கலம் வைக்குமுன்னரே செய்திருக்கவேண்டிய வேலை இது. செலவைக் குறைக்க எண்ணி இதனை விட்டவிடத்தே பின்னர்ப் பெருந்துன்பம் விளைகின்றது.

ஒரே ஒரு ரேடியேட்டர் முற்றுங் குளிர்ந்து, ஏனையவெல்லாம் வெப்பமாயிருப்பின், அதன் இருபுறத்துமுள்ள வால்வுகளை நோக்குக. ஒருபுறத்துள்ளது அறையின் வெப்பத்துக்கேற்பத் தானே மூடித் திறப்பது. அதன் தலையைக் கழற்றினால் உள்ளே சிறு ஊசி ஒன்று தோன்றும். விரலால் அழுத்த அது உள்ளே சென்று தானே வெளிவருதல் வேண்டும். கோடையெல்லாம் மூடிக் கிடந்தமையால் அது ஒட்டிக்கொண்டிருத்தல் கூடும். பல முறை மெல்ல அழுத்தியும் விட்டும் அதனை இளக்கலாம். குறட்டாற் பற்றி வெளியே இழுத்தல் கூடாது. இழுப்பின் நீர் பீறிடும். மறுபுறத்து வால்வு கம்மியர் மட்டும் தொடுவதற்கென மூடியிட்டு வைத்தது. ரேடியேட்டரைக் கழுவுதற்காக அதனை மூடியவர் மீண்டும் திறக்க மறந்து சென்றிருத்தலும் உண்டு.

கலத்துக்கு அண்மையிலுள்ளவை நன்கு வெப்பமேறி, தொலைவிலுள்ளவை மட்டும் குளிர்ந்திருப்பின், குறை பங்கீட்டிலேயே உள்ளது. நீர் எளிய வழியையே நாடும். தலைமதகில் உள்ளவர் தம் வாய்க்காலை அகலத் திறந்துவைப்பின் கடைமடைக்கு நீர் எவ்வாறு செல்லும்? உழவர் மடையைச் சிறிது அடைத்து நீரைப் பகிர்வதுபோல, அண்மையிலுள்ள ரேடியேட்டர்களின் மூடியிட்ட வால்வுகளைச் சிறிது சிறிதாகக் குறுக்கித் தொலைவிலுள்ளவற்றுக்கு நீர் செல்லச் செய்தல் வேண்டும். உள்ளே புகும் குழாய்க்கும் வெளிவரும் குழாய்க்கும் இடையே வெப்ப வேறுபாடு எல்லா ரேடியேட்டர்களிலும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தலே பங்கீட்டின் அளவுகோல். பழைய வழக்கில் அவ்வேறுபாடு 11 அல்லது 12 பாகை. குளிர்ந்த நீர் திரும்புதலை வேண்டும் புதிய கலங்களுக்கு 20 பாகை வரையிற் கொள்வர்.

இனி, எல்லா ரேடியேட்டர்களுமே முன்போற் கையைச் சுடாமல் இளஞ்சூடாயிருப்பின் அது குறையன்று எனலாம். தாழ்ந்த வெப்பத்தில் நடத்துதலின் இயல்பு அது. நீரின் சராசரி வெப்பம் அறையின் வெப்பத்தினும் 50 பாகை மிகுந்திருக்கும் நிலையில் ஒரு ரேடியேட்டர் தரும் வெப்பத்தையே அதன் முழு அளவாகக் கணக்கிடுகின்றனர். அவ்வேறுபாடு 30 பாகையாகக் குறையின், அது தரும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகும். ஆதலின் நீண்ட நேரம் நடத்துதல் வேண்டும். ரேடியேட்டர் கையைச் சுடுகின்றதா என்பதன்று வினா. அறை வெப்பமடைந்ததா என்பதே. அறையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். நெடுநேரம் நடத்தியும் அறை வேண்டிய வெப்பத்தை எட்டாவிடில், அன்றுதான் நீரின் வெப்பத்தைச் சிறிது உயர்த்துதலோ, பெரிய ரேடியேட்டர் வைத்தலோ வேண்டும்.

அழுத்தமானி கூறுவது

அழுத்தமானியின் முள் மூன்று வகையிற் பேசும்.

நாள்தோறும் மெல்லக் குறையுமாயின், எங்கேனும் நீர் கசிகின்றது. அரைப் பார் அழுத்தத்தில் இருபது முப்பது ஆண்டு பொறுத்திருந்த பழைய இணைப்பு, 1½ பாரில் விட்டுக்கொடுத்தல் வியப்பன்று. வால்வுகளின் அடியிலும் தரைப்பலகையின் கீழும் தேடுதல் வேண்டும். கசிவைத் தேடாது நாள்தோறும் புதுநீர் நிரப்பிக்கொண்டே இருத்தல் தீது. ஏனெனில், ஒவ்வொரு முறையும் புதுநீருடன் பிராணவாயு உட்புகுந்து இரும்பை அரிக்கும். துருத்தடை மருந்தும் நீர்த்துப்போகும்.

வெப்பமேறுங்கால் முள் 3 பார் வரையில் ஏறி, ஆறியபின் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இறங்குமாயின், விரிவுக்கலத்தைப் பார்க்கவேண்டும். 10 பாகையிலுள்ள 100 லிட்டர் நீர் 80 பாகைக்கு ஏறுங்கால் ஏறக்குறைய 3 லிட்டர் மிகுகின்றது. அம்மிகைக்கு இடங்கொடுப்பது விரிவுக்கலம். அதனுள் ரப்பர்த் திரையின் ஒருபுறம் நீரும் மறுபுறம் அழுத்திய வாயுவும் இருக்கும். வாயு வெளியேறிவிட்டாலோ, வீட்டிலுள்ள நீரின் அளவுக்குக் கலம் சிறிதாயிருந்தாலோ, நீருக்கு விரிய இடமின்றி அழுத்தம் மிகுந்து, 3 பாரில் காப்பு வால்வு திறந்து நீரை வெளியே விட்டுவிடும். சுவருக்குப் புறத்தே நீண்டுள்ள செப்புக் குழாயின் நுனி ஈரமாயிருப்பின் இதுவே காரணமென்று ஐயுறலாம்.

கலம் இயங்காதபொழுதும் முள் ஏறிக்கொண்டே போகுமாயின், நிரப்புங் குழாயின் வால்வு முற்றும் மூடப்படவில்லை. அன்றேல், குடிநீரையும் வெப்பமூட்டும் வகைக் கலமாயின், அதனுள் இரு நீரையும் பிரிக்கும் தகடு ஓட்டையாயிற்று என்று கொள்ளலாம்.

ஒலியும் கட்டளையும்

அடுப்பு பற்றுவதும் சில நொடிகளில் அணைவதும் மீண்டும் பற்றுவதுமாயிருப்பின், கலம் உண்டாக்கும் வெப்பத்தை நீர் கொண்டுசெல்லவில்லை என்பது பொருள். கலத்தினின்று புறப்படும் குழாயையும் திரும்பும் குழாயையும் ஒப்பிடுக. முன்னது மிகச் சூடாயும் பின்னது குளிர்ந்தும் இருப்பின், இடையே அடைப்பு உளது. அல்லது பம்பு வலுவிழந்தது. இரண்டும் ஒருங்கே சூடாயிருப்பின், நீர் அறைகளுக்குச் செல்லாமற் குறுக்கு வழியே திரும்புகின்றது. இவ்விரண்டும் இல்லையாயின், வீட்டின் தேவைக்கு மிகப் பெரிய கலத்தை வைத்துவிட்டனர் எனலாம். அதன் உச்ச ஆற்றலைக் கம்மியர் குறைத்து அமைத்தல் கூடும்.

புதிய கலம் வைத்தபின் ரேடியேட்டர் வால்வுகள் சம்மட்டியால் அடித்தாற்போல் ஒலிக்கத் தொடங்கின், செல்குழாயும் திரும்பு குழாயும் மாறி இணைக்கப்பட்டனவா என்று நோக்குக. பழைய தானியங்கி வால்வுகளிற் பல, நீர் ஒரு திசையிற் செல்லுதற்கே ஏற்றவை. எதிர்த்திசையிற் சென்றால் அதிர்ந்து முழங்கும்.

வெந்நீர்த் தொட்டியும் ரேடியேட்டர்களும் தனித்தனியே இயங்கும் வீடுகளில் மின்விசையாற் திரும்பும் வால்வுகள் உள்ளன. வெந்நீர் மட்டும் வேண்டுமென்று கட்டளையிட ரேடியேட்டரும் சூடாயின், வால்வு முற்றும் மூடவில்லை, அல்லது மின்கம்பிகள் மாறியுள்ளன. ஒவ்வொரு கட்டளையாகத் தனித்தனியே இட்டு, வால்வுக்கு அப்பாலுள்ள குழாயைத் தொட்டறிதலே சோதனை. மேலும், வீடு முழுவதையும் ஆளும் தெர்மாஸ்டாட் எந்த அறையில் உள்ளதோ, அவ்வறையின் ரேடியேட்டரிற் தானியங்கி வால்வு தாழ்ந்த அளவில் இருத்தலாகாது. இருப்பின், வால்வு மூடிக்கொள்ள, தெர்மாஸ்டாட் என்றும் நிறைவடையாமல், ஏனைய அறைகளுக்காகக் கலம் ஓயாது எரிந்துகொண்டிருக்கும்.

உறைபனியால் வருங் கேடு

ஆவி நீராகுமென்று மேலே கூறினோம். அந்நீர் சிறிது புளிப்புத் தன்மையுடையது. மெல்லிய குழாய் ஒன்றின் வழியே வெளியே வடிகின்றது. அக்குழாய் வீட்டின் புறத்தே நீண்டு செல்லுமாயின், கடும்பனியில் நீர் அதனுள் உறைந்துவிடும். உடனே கலமும் தானே நின்றுவிடும். 2010-ஆம் ஆண்டு டிசம்பரிற் பிரிட்டனில் நேர்ந்த கடுங்குளிரில் இக்காரணத்தாற் பல வீடுகள் வெப்பமிழந்தன. களகளவென்னும் ஒலி கேட்டுக் கலம் நிற்குமாயின், வெதுவெதுப்பான நீரைக் குழாயின்மேல் ஊற்றி, பனிக்கட்டியை உருக்கி, கலத்தை மீண்டும் தொடங்கலாம். கொதிநீரை ஊற்றுதல் கூடாது, குழாய் வெடிக்கும். குழாயை இயன்றவரை வீட்டினுள்ளேயே செலுத்துதலும், புறத்தே செல்லும் பகுதியை அகலமாக்கிப் போர்த்து, சரிவாக அமைத்தலும் நிலைத்த பரிகாரங்களாம்.

எல்லை யாது?

இதுகாறும் கூறியவற்றுள் தொட்டுப் பார்த்தலும், காற்றை வெளியேற்றலும், முள்ளைக் கவனித்தலும் எவரும் செய்யத்தக்கவை. கலத்தின் மூடியைத் திறத்தலும், வாயுவைத் தொடுதலும் அத்தகையன அல்ல. பிரிட்டனில் 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 'கேஸ் ஸேஃப்' என்னும் பதிவேட்டிற் பெயர் பெற்றவரே வாயுக் கருவிகளில் வேலை செய்யலாம். இது வெறும் விதியன்று. வாயு சரிவர எரியாதவிடத்துக் கார்பன் மோனாக்ஸைடு பிறக்கின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திற் பிராணவாயு பற்றும் இடத்தை, அதனினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலியுடன் அது பற்றிக்கொள்ளும். வீட்டினுள் இருக்குங்கால் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றி, வெளியே சென்றவுடன் தணியுமாயின், குளிரென்று பாராது கதவுகளைத் திறந்து, கலத்தை நிறுத்தி, அனைவரும் வெளியேறி, பிரிட்டனின் வாயு அவசரத் தொலைபேசியாகிய 0800 111 999 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்று கலமுள்ள அறையில் இருத்தல் இன்றியமையாதது. புதிதாக நிலையான எரிகலம் வைக்கும் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும், சமையலடுப்பு நீங்கலாக, இதனை வைக்கவேண்டுமென்று இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் விதியும் உளது.

ஆராயும் ஒழுங்கு

குறைகள் பலவாயினும் ஆராயும் ஒழுங்கு ஒன்றே. முதலில், கட்டளைக் கருவிகள் வெப்பம் வேண்டுமென்று கேட்கின்றனவா என்று பார்த்தல், அடுத்து அழுத்தம், அடுத்துக் காற்று, அடுத்து வால்வுகள், அடுத்துப் பங்கீடு, அடுத்துச் சேறு, இவையனைத்தும் குறையற்றவையெனக் கண்ட பின்னரே கொதிகலம். செலவற்றதை முன்னும் செலவுள்ளதைப் பின்னும் வைத்தலே இவ்வொழுங்கின் உட்பொருள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பயனைக் கண்டு, குறித்துக்கொண்டு, அதன்பின் அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவர், குறை நீங்கினும் எதனால் நீங்கிற்றென்று அறியார். நீங்காவிடினோ, புதிய குறை எதுவென்றும் அறியார்.

கலம் வைத்த கம்மியரிடம் கேட்கத்தக்கவையும் சில உள. குழாய்களைக் கழுவினரா? துருத்தடை மருந்து கலந்தனரா? பங்கீடு செய்தனரா? அளவுகளைக் கலத்துடன் வரும் குறிப்பேட்டிற் பதிந்தனரா? அக்குறிப்பேடு வெறுமையாய் இருப்பின், வேலை இன்னும் முடியவில்லை என்று கொண்டு, வீட்டார் பணிவுடனும் உறுதியுடனும் அவரை மீண்டும் அழைக்கலாம். தொட்டறிந்து எழுதிய தாளையும் அவர் கையிற் கொடுத்தால், அவரது வேலை பாதியாகக் குறையும்.

புதியதொன்றை வாங்கியவுடன் பழைய துன்பமெல்லாம் நீங்குமென்று எண்ணுவது மாந்தர் இயல்பு. ஆனால், பழைய சுற்றோட்டத்துள் வைத்த புதிய இருதயம் அந்நாளங்களின் தூய்மைக்கேற்பவே தொழிற்படும். கழுவுதற்கு ஒரு நாளும், பங்கீடு செய்தற்கு ஒரு நாளும் செலவிடும் பொறுமை உடையார் வீட்டில், பனி பெய்யும் இரவிற் கடைசியறையில் உறங்கும் முதியோர்க்கும் வெப்பம் குறைவின்றிச் சென்று சேரும்.